வெயிட்லிஸ்ட்டில் போட்டிருக்கிறார்கள், இப்போது என்ன செய்வது?

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால், அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஹார்வர்டு உள்ளிட்ட புகழ்பெற்ற ஐவி லீக் கல்லூரிகள் எல்லாம் ஒரே நாள் மாலையில் முடிவுகளை வெளியிடும். மற்றவை அதற்கு முன்னும் பின்னுமாக வரும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மாலை. மகள் சமையலறை மேடையில் லேப்டாப்பை வைத்து, ஒரு கல்லூரியின் போர்ட்டலைத் திறந்தாள். 'உங்களுக்கு ஓர் இடம் அளிக்கிறோம்' என்ற பொருளில் கடிதம் தொடங்கியது. அவ்வளவு படித்ததும் என் கணவர் கையைத் தட்டிவிட்டார். மகள் தட்டவில்லை. அவள் வாக்கியத்தைக் கடைசிவரை படித்துவிட்டாள். அவர்கள் அளித்தது காத்திருப்போர் பட்டியலில் ஓர் இடம்.

கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று ஊரிலிருந்து என் அம்மா போனில் கேட்டபோது என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அன்றைக்குத் தெரியாமல் பல தவறுகள் செய்தோம். அப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். வாராவாரம் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன் என்பதால், ஒவ்வோர் ஏப்ரலிலும் இரண்டு மூன்று குடும்பங்களாவது வகுப்பு முடிந்ததும் பார்க்கிங்கில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களிடம் சொல்வதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நான் சொல்வது அமெரிக்கக் கல்லூரிகளின் இளநிலைப் பட்டப்படிப்புச் சேர்க்கையைப் பற்றி மட்டும்.

எத்தனாவது நம்பர்?

"அக்கா, லிஸ்ட்ல எத்தனாவது நம்பர்னு போடவே இல்லையே, அதை எங்க பார்க்கணும்?" என்று போன ஆண்டு ஓர் அம்மா கேட்டார். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. வெயிட்டிங் லிஸ்ட் என்றாலே நமக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். 34 என்று டிக்கெட் எடுப்போம். முன்னால் இருப்பவர்கள் கேன்சல் செய்யச் செய்ய அது 20 ஆகும், 11 ஆகும், ஆர்.ஏ.சி. ஆகும். சார்ட் போட்டதும் பெர்த் நம்பர் வந்துவிடும். நமக்கு முன்னால் இருப்பவரைத் தாண்டி நமக்குப் பின்னால் இருப்பவர் போக முடியாது என்ற நிம்மதி அதில் உண்டு.

கல்லூரிப் பட்டியலில் அந்த வரிசை கிடையாது. பெரும்பாலான கல்லூரிகள் எண் போட்டு அடுக்குவதில்லை. ஹார்வர்டு தன் பட்டியலில் தரவரிசை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மே மாதத்தில் வகுப்பில் எந்த இடம் காலியாகிறதோ, அந்த இடத்துக்குப் பொருந்தும் பிள்ளையைப் பட்டியலிலிருந்து தேடி எடுப்பார்கள். இசைக்குழுவில் ஓபோ வாசிக்க ஆள் இல்லாமல் போயிருக்கலாம். வரலாறு படிக்க வருவதாக இருந்தவர்கள் வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம். ஏதாவது ஒரு மாநிலத்திலிருந்து ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டு விண்ணப்பித்த பிள்ளைக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி. கூட்டம் நெரிகிற துறைகளில் இடம் காலியாவதே அபூர்வம்.

ஏன் இப்படி ஒரு பட்டியலை வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். கல்யாண வீட்டில் பத்திரிகை கொடுத்தவர்கள் அத்தனை பேரும் வருவதில்லை. எத்தனை இலை போட வேண்டும் என்று சமையல்காரர் கேட்கும்போது, பெரியவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஓர் எண்ணைச் சொல்வார்கள். கல்லூரியும் அதே கணக்கைத்தான் போடுகிறது. அனுமதிக் கடிதம் பெற்றவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்கிறார்கள் என்ற விகிதத்துக்கு 'யீல்டு' என்று பெயர். ஹார்வர்டில் அது 80 சதவீதத்துக்கும் மேல். பல கல்லூரிகளில் மூன்றில் ஒருவர் வந்தாலே பெரிது. கூடுதலாக அழைத்துவிட்டு எல்லோரும் வந்துவிட்டால் விடுதியில் கட்டில் இருக்காது. குறைவாக அழைத்தால் பந்தியில் இலை காலியாகக் கிடக்கும், கட்டண வருமானமும் போகும். அதனால் கொஞ்சம் குறைவாகவே அழைத்துவிட்டு, காலி இலைகளை நிரப்ப ஒரு கூட்டத்தைப் பக்கத்து அறையில் உட்கார வைக்கிறார்கள். அந்தப் பக்கத்து அறைதான் வெயிட்லிஸ்ட்.

ஆகவே மே 1 வரை எத்தனை பேரைக் கூப்பிடுவோம் என்பது கல்லூரிக்கே தெரியாது. அனுமதி பெற்றவர்கள் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறோம் என்று முடிவு சொல்ல வேண்டிய வழக்கமான கடைசி நாள் அதுதான். ஹார்வர்டில் சில ஆண்டுகளில் பட்டியலிலிருந்து ஒருவரைக்கூட எடுக்கவில்லை, வேறு சில ஆண்டுகளில் 200 பேருக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்து யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்றே தெரியாமல் போனபோது பல கல்லூரிகள் பட்டியலில் நிறையக் கை வைத்தன. 2024-இல் மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சா புது வடிவில் தாமதமாக வந்து குழப்பம் ஆனதால், பல கல்லூரிகள் மே 1 என்ற கெடுவையே தள்ளி வைத்தன. பிள்ளையின் மார்க்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

டிசம்பரில் வரும் 'டெஃபர்' என்பதையும் இதையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களின் முடிவைத் தள்ளிவைத்து, வழக்கமான சுற்றில் மறுபடியும் பார்ப்பது டெஃபர். வெயிட்லிஸ்ட் என்பது எல்லாச் சுற்றும் முடிந்தபிறகு வருவது.

சரி, வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்காவின் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்கள் சங்கமான நாக்காக் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, பட்டியலில் இருக்கச் சம்மதித்தவர்களில் சராசரியாக 20 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்ததாகச் சொல்கிறது. விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேரைக்கூடச் சேர்க்காத கல்லூரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 7 சதவீதம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆசைப்படுவது இந்த இரண்டாவது வகைக் கல்லூரிகளுக்குத்தான். நூற்றில் ஏழு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் கல்லூரியின் எண்களை நீங்களே பார்க்கலாம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்று ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு அந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி2 என்ற பகுதியில் மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை பேரைப் பட்டியலில் வைத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேரை எடுத்தார்கள். ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், மூன்று நான்கு ஆண்டுகளைப் பாருங்கள். சி7 என்ற பகுதியில், விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தைக் கல்லூரி கணக்கில் எடுக்கிறதா இல்லையா என்றும் போட்டிருக்கும். கடிதம் எழுதும்போது அது உதவும்.

முதலில் வேறு கல்லூரிக்குப் பணம் கட்டுங்கள்

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான், பலருக்குப் பிடிக்காததும் இதுதான். இடம் கிடைத்திருக்கும் கல்லூரிகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மே 1-க்குள் டெபாசிட் கட்டிவிடுங்கள். சில நூறு டாலர் ஆகும், பெரும்பாலும் திரும்ப வராது. வெயிட்லிஸ்ட்டை நம்பி இதைக் கட்டாமல் விட்டால், ஜூன் மாதம் கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்க நேரும்.

இரண்டு கல்லூரிகளில் டெபாசிட் கட்டி வைப்பது தவறு. கல்லூரிகள் அதைக் கண்டுபிடித்தால் இரண்டு இடமும் போகக்கூடும். ஆனால் ஒரு கல்லூரியில் டெபாசிட் கட்டிவிட்டு இன்னொன்றின் வெயிட்லிஸ்ட்டில் இருப்பது முழுக்க அனுமதிக்கப்பட்டது. இதில் துரோகம் எதுவும் இல்லை. எல்லாக் கல்லூரிகளுக்கும் தெரிந்துதான் இது நடக்கிறது.

பட்டியலில் பெயர் தானாகவே இருந்துவிடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. போர்ட்டலுக்குள் போய், 'ஆம், பட்டியலில் இருக்க விரும்புகிறேன்' என்று பிள்ளை சம்மதம் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு மூன்று வளாகங்கள் பட்டியலில் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். சோகத்தில் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு இந்த நாளைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு.

சம்மதிப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பணத்தைப் பேசிவிடுங்கள். அனுமதி கொடுக்கும்போது குடும்பத்தின் வசதியைப் பார்ப்பதில்லை என்று சொல்லும் கல்லூரிகளில் பல, வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுக்கும்போது மட்டும் பார்க்கின்றன. அந்த ஆண்டின் உதவித்தொகைப் பணம் மே மாதத்துக்குள் பெரும்பாலும் செலவாகியிருக்கும். மதிப்பெண் அடிப்படையில் தரும் ஸ்காலர்ஷிப்பும் வெயிட்லிஸ்ட்டில் வருபவர்களுக்குக் கிடைப்பது அரிது. இன்னொரு கல்லூரி நல்ல உதவித்தொகையோடு கூப்பிட்டிருக்கும்போது, முழுக் கட்டணமும் கட்ட வேண்டிய ஒரு கல்லூரிக்காக ஜூன் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்று தோன்றினால், போர்ட்டலில் நன்றி சொல்லி விலகிக்கொள்வது நல்ல முடிவு. ஏப்ரலிலேயே மனது லேசாகிவிடும். நிதியுதவி அலுவலகத்துக்கு மெயில் போட்டு, 'வெயிட்லிஸ்ட்டிலிருந்து வருபவர்களுக்கு உதவி உண்டா?' என்று நேராகவே கேட்கலாம். இந்தக் கேள்வியால் வாய்ப்புக் குறையும் என்று பயந்து கேட்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜூனில் 48 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய நிலையில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஒரே ஒரு கடிதம்

இனி பிள்ளையின் கையில் இருக்கிற விஷயத்துக்கு வருவோம். 'லெட்டர் ஆஃப் கன்டின்யூட் இன்ட்ரஸ்ட்' என்று பள்ளிக் கவுன்சிலர்கள், அதாவது பள்ளியில் மேற்படிப்பு ஆலோசனை சொல்பவர்கள், சொல்வார்கள். உங்கள் கல்லூரியில் சேர இன்னமும் விரும்புகிறேன் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம். கல்லூரி 'எதுவும் அனுப்பாதீர்கள்' என்று சொல்லியிருந்தால் அனுப்பவே கூடாது. போர்ட்டலில் அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருந்தால் அதில்தான் எழுத வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உங்கள் பகுதியைக் கவனிக்கும் அட்மிஷன் ஆபீசருக்கு மெயில். முடிவு வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் போய்விட்டால் நல்லது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் தன் கடிதத்தை என்னிடம் காட்டினான். சின்ன வயதிலிருந்தே இந்தக் கல்லூரி என் கனவு, உலகப் புகழ் பெற்ற பேராசிரியர்கள், அழகான வளாகம், எனக்கு மட்டும் ஒரு வாய்ப்புக் கிடைத்தால் கடுமையாக உழைப்பேன். முக்கால் பக்கம். எந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். யார் பெயரில் கையெழுத்துப் போட்டாலும் பொருந்தும்.

"ஜனவரியில அப்ளிகேஷன் அனுப்பினதுக்கு அப்புறம் என்ன செஞ்சே தம்பி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை ஆன்ட்டி. ஸ்கூல்தான். சனிக்கிழமை ஃபுட் பேன்ட்ரிக்குப் போவேன், அது எப்பவும் போறதுதான்."

அந்த இலவச உணவு வழங்கும் இடத்தில் என்ன வேலை என்று துருவினேன். பெட்டி கட்டுவானாம். சில குடும்பங்கள் இறைச்சி டின்களை வெளியே எடுத்து மேசை மேலேயே வைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறான். பிப்ரவரியில், பெயர் பதியும் தாளில் 'சைவமா?' என்று ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று அங்கிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். சேர்த்தார்கள். இப்போது வாரத்துக்கு 40 பெட்டி தனியாகக் கட்டுகிறார்கள். அந்த டின்கள் வேண்டியவர்களுக்குப் போகின்றன. எத்தனை பேர் எதைக் கேட்கிறார்கள் என்று அவனே கணினியில் குறித்து வைத்து, வாராவாரம் எதைக் குறைத்து எதைக் கூட்டுவது என்று சொல்கிறான். புள்ளியியல் படிக்க விண்ணப்பித்த பையன் இவன்! இதைத்தான் 'ஒண்ணும் இல்லை' என்றான்.

அந்த முக்கால் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான். பட்டியலில் வைத்ததற்கு ஒரே வரியில் நன்றி. அடுத்த வரியில், இதுவே என் முதல் விருப்பம், இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன். அப்புறம் ஒரு பத்தியில் அந்தக் கட்டமும் 40 பெட்டியும். இன்னொரு பத்தியில், முதல் பருவத்தில் கால்குலஸில் பி பிளஸ் வாங்கியது இப்போது ஏ ஆகியிருக்கிறது என்ற செய்தி. கடைசியில், அந்தக் கல்லூரியின் பாடப் பட்டியலில் அவனே தேடிக் கண்டுபிடித்த கணக்கெடுப்பு முறைகள் பற்றிய ஒரு பாடம், பேன்ட்ரியில் அவனுக்கு விடை தெரியாமல் இருக்கும் ஒரு கேள்வி, அந்தப் பாடம் அதற்கு எப்படி உதவும் என்று மூன்று வரி. மொத்தம் 300 சொற்களுக்கும் குறைவு.

இதில் 'கட்டாயம் சேருவேன்' என்ற வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மே மாதத்தில் அட்மிஷன் அலுவலகத்துக்கு இருக்கிற காலியிடங்கள் கொஞ்சம், நேரமும் கொஞ்சம். கூப்பிட்ட பிள்ளை இரண்டு நாள் யோசித்துவிட்டு வரவில்லை என்றால், அவர்களுக்கு இரண்டு நாள் வீண். கூப்பிட்டால் வந்துவிடும் பிள்ளையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அதனால் அந்த வரிக்கு மதிப்பு அதிகம். ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும், ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் எழுத வேண்டும். மூன்று பட்டியலில் இருக்கிற பிள்ளை மூன்று பேரிடமும் அதைச் சொல்வது பொய். மற்ற இரண்டுக்கும் 'மிகவும் விரும்புகிறேன்' என்று எழுதினால் போதும்.

கடிதத்தில் ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியோ, என்னைவிட மார்க் குறைந்தவருக்குக் கிடைத்ததே என்ற புலம்பலோ வரவே கூடாது. மனதில் இருக்கும், இருக்கத்தான் செய்யும். அதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே விண்ணப்பத்தில் சொன்ன விருதுகளைத் திரும்பவும் அடுக்குவதிலும் பயனில்லை. அந்தக் கோப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

நாங்கள் செய்த தவறு என்ன தெரியுமா? மகள் எழுதிய கடிதம் நல்ல கடிதம். அது போனபிறகு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. வாரம் ஒரு மெயில் போடச் சொன்னோம். என் கணவர் அலுவலகத்துக்குப் போன் செய்து நிலவரம் கேட்டார், ஒரு முறை அல்ல, மூன்று முறை. எதிர்முனையில் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பேச வேண்டியது பதினெட்டு வயதுப் பெண், அப்பா அல்ல என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. நம் ஊரில் பெற்றோர் போய்ப் பிரின்சிபாலைப் பார்ப்பது அக்கறையின் அடையாளம். இங்கே அது பிள்ளைக்குத் தன் காரியத்தைத் தானே பார்க்கத் தெரியவில்லை என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும். முதல் கடிதத்துக்கு அப்புறம் மே முதல் பாதியில், சொல்லப் புதிதாக ஏதாவது இருந்தால் மட்டும், நாலு வரியில் இன்னொரு மெயில் போதும். ஒன்றும் இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.

மற்ற சில வேலைகள்

பள்ளிக் கவுன்சிலரைப் பிள்ளை போய்ப் பார்க்க வேண்டும். கடைசி ஆண்டு மதிப்பெண்கள் அனுப்பப்பட்டுவிட்டனவா என்று உறுதி செய்துகொள்ளவும், அந்தக் கல்லூரிதான் பிள்ளையின் முதல் விருப்பம் என்று அவர் அட்மிஷன் அலுவலகத்துக்குச் சொல்ல முடியுமா என்று கேட்கவும். நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்க்கும் கவுன்சிலருக்கு நேரம் இருக்காது. ஆனாலும் பலர் ஒரு மெயிலாவது அனுப்புவார்கள்.

படிப்பை விட்டுவிடக் கூடாது. வசந்தப் பருவத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் அந்த அசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெயிட்லிஸ்ட்டில் இருக்கும் பிள்ளையின் கடைசிப் பருவ மார்க்கை உண்மையிலேயே திரும்பப் பார்ப்பார்கள்.

கூடுதல் பரிந்துரைக் கடிதம், கல்லூரி ஏற்றுக்கொண்டால் மட்டும், அதுவும் ஒன்று மட்டும். பிள்ளையைப் புதிதாக ஒரு கோணத்தில் பார்த்தவர் எழுதினால் பயன் உண்டு. ஊரில் பெரிய மனிதர், கம்பெனித் தலைவர், தெரிந்த பேராசிரியர் என்று பெயருக்காக வாங்கும் கடிதத்தால் ஒன்றும் நடக்காது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் பொதுவாகப் பரிந்துரைக் கடிதங்களே கேட்பதில்லை.

அப்புறம், வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்கள் ஏப்ரலில் எங்கிருந்தோ முளைப்பார்கள். யாராலும் அப்படி எடுத்துத் தர முடியாது. அவர்கள் எழுதித் தரும் கடிதம் பளபளப்பாக இருக்கும், அதில் அந்த 40 பெட்டி இருக்காது.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விண்ணப்பித்த பிள்ளைகளுக்கு

இவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. விண்ணப்பம் போகும்போது பன்னிரண்டாம் வகுப்பு பொதுத்தேர்வு முடிந்திருக்காது. பள்ளி ஊகித்துச் சொன்ன மதிப்பெண்தான் அமெரிக்கக் கல்லூரியின் கையில் இருக்கும். தமிழ்நாட்டு பிளஸ் டூ முடிவுகளும் சி.பி.எஸ்.இ. முடிவுகளும் அண்மை ஆண்டுகளில் மே மாதத்தில்தான் வருகின்றன, அதாவது வெயிட்லிஸ்ட் அசையத் தொடங்கும் அதே வாரங்களில். மதிப்பெண் நன்றாக வந்திருந்தால் அன்றைக்கே, பள்ளி வழியாக அனுப்பி வையுங்கள். மே மாதத்தில் சொல்ல இதைவிடப் புதிய செய்தி வேறு எதுவும் இருக்க முடியாது.

பாதகம் விசா. டெபாசிட் கட்டிய கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை (மாணவர் விசாவுக்குத் தேவையான சேர்க்கைச் சான்று) வைத்து விசா வேலையைத் தொடங்கியே ஆக வேண்டும், காத்திருக்க முடியாது. ஜூனில் வேறு கல்லூரி கூப்பிட்டால் அவர்களிடமிருந்து புது ஐ-20 வாங்க வேண்டும். கையில் விசா வந்துவிட்டதா, நேர்காணல் நாள் மட்டும் வாங்கியிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து அடுத்து செய்ய வேண்டியது மாறும். புதுக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வேண்டியிருந்தால், மேலே பணத்தைப் பற்றிச் சொன்னது இரண்டு மடங்கு பொருந்தும்.

மே, ஜூன், ஜூலை

மே 1 தாண்டியதும் கல்லூரிகள் எண்ணத் தொடங்கும். இலை காலியாக இருந்தால் முதல் சுற்றுக் கூப்பிடல் பெரும்பாலும் மே மாதத்திலேயே நடக்கும். அதில் ஒரு சங்கிலி உண்டு. மேலே இருக்கும் ஒரு கல்லூரி பட்டியலிலிருந்து 50 பேரை எடுத்தால், அந்த 50 பேரும் எங்கோ டெபாசிட் கட்டியவர்கள்தான். அவர்கள் விட்டுப்போன இடங்களை நிரப்ப அந்தக் கல்லூரிகள் தங்கள் பட்டியலைத் திறக்கும், அப்புறம் அதற்கு அடுத்த கல்லூரிகள். ஜூன் வரை, சில சமயம் ஜூலை வரை இது நீளும். மே 1-க்குப் பிறகு வேறு கல்லூரிக்கு உறுதி சொன்ன மாணவரை இழுக்கக் கூடாது என்று நாக்காக் ஒரு விதி வைத்திருந்தது. அமெரிக்க நீதித்துறையின் விசாரணையை அடுத்து 2019 செப்டம்பரில் அதை நீக்கிவிட்டார்கள். மே மாதத்துக்குப் பிறகும் கல்லூரிகள் மாணவர்களைத் துரத்துவதற்கு இருந்த தடை அதோடு போனது.

கூப்பிடுவது மெயிலாகவோ போனாகவோ இருக்கும். தெரியாத எண் என்று பிள்ளைகள் போனை எடுக்காமல் விடுவார்கள், ஸ்பேம் பெட்டியைத் திறந்தே பார்க்கமாட்டார்கள். இந்த மூன்று மாதம் மட்டும் இரண்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோதான் தருவார்கள். நிதியுதவி விவரம் இன்னும் வரவில்லை என்றால், அதைப் பார்க்க ஒரு நாள் கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை. சில சமயம் செப்டம்பருக்குப் பதிலாக அடுத்த பருவத்தில் சேரச் சொல்வார்கள். மிடில்பரி கல்லூரியில் பிப்ரவரியில் சேரும் மாணவர்களுக்கென்றே ஒரு தனி வகுப்பு ஆண்டுதோறும் உண்டு.

அதுவரை அந்த மூன்று மாதமும் பிள்ளை டெபாசிட் கட்டிய கல்லூரியோடு வாழ வேண்டும். புது மாணவர் நாளுக்குக் கூட்டிப் போங்கள். அறைத்தோழரைத் தேடட்டும், பாடங்களைப் பார்க்கட்டும், அந்தப் பெயர் போட்ட பனியனை வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். எங்கள் மகள் அதைச் செய்ய நாங்கள் விடவில்லை. 'இரு, அது வந்துடும்' என்று சொல்லிச் சொல்லியே ஜூன் கடைசிவரை இழுத்தோம். பட்டியலை மூடிவிட்டோம் என்று அந்தக் கல்லூரியிலிருந்து மெயில் வந்தபோது அவளுக்கு இரண்டாவது முறை வலித்தது. அறை ஒதுக்கீடும் பிடித்த வகுப்புகளும் அதற்குள் போய்விட்டன. அவள் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தாள், நன்றாகப் படித்தாள். அந்த வசந்தத்தை அவளிடமிருந்து பிடுங்கியது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பேன்ட்ரிப் பையனுக்கு ஜூன் இரண்டாவது வாரம் போன் வந்தது. அவன் எடுத்தான். அன்று இரவே அவன் அப்பா எனக்குத் தகவல் சொன்னபோது, முதலில் டெபாசிட் கட்டிய கல்லூரிக்கு மெயில் போட்டாயிற்றா என்று கேட்டேன். போடவில்லை. புது இடத்தை எழுத்தில் உறுதி செய்துகொண்டதும், பழைய கல்லூரிக்கு 'வரவில்லை, நன்றி' என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், விடுதி அறையையும் விட்டுக்கொடுத்துவிட வேண்டும். கட்டிய பணம் போகட்டும். அங்கேயும் ஒரு வெயிட்லிஸ்ட் இருக்கிறது, அதில் ஒரு பிள்ளை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பத்தே நிமிடத்தில் மெயிலை எழுதி அனுப்பிவிட்டான்.